நிறுவனர் விடைபெறும்போது, அவர் கொடுத்த வாக்குகளை யார் ஏற்பது?

கேள்வி: வீடிழந்த குடும்பங்களுக்கு வாடகை வீடு தேடித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். களப்பணியாளராகச் சேர்ந்து இப்போது துணை இயக்குநராக இருக்கிறேன். நிறுவனத்தைத் தொடங்கி 19 ஆண்டுகள் நடத்திய அம்மையார் உடல்நிலை காரணமாக இன்னும் மூன்று மாதங்களில் விலகுகிறார். புதிய இயக்குநர் கிடைக்கும்வரை பொறுப்பு இயக்குநராக இருக்கும்படி நிர்வாகக் குழு என்னைக் கேட்டிருக்கிறது. அம்மையாரோ குழுவில் உறுப்பினராகத் தொடர விரும்புகிறார். குழுவில் ஒருவர், பெருநிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்தவரைக் கொண்டுவரலாம் என்கிறார். அந்த மேலாளர், குடும்பங்களை ஆறு மாதம் விடுதியில் வைத்துப் பக்குவப்படுத்திய பிறகே வீடு தர வேண்டும் என்ற கருத்துடையவர். எங்களிடம் 14 பணியாளர்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய 40 வீட்டு உரிமையாளர்கள் எங்களை நம்பி வீடு தருகிறார்கள். நான் பொறுப்பை ஏற்கலாமா? அம்மையார் குழுவில் இருப்பது நல்லதா? அந்த மேலாளரைப் பற்றி நான் வாய் திறக்கலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். விடைபெறு விழா நடக்கும் நாளிலேயே இரண்டு குடும்பங்கள் புது வீட்டுக்குக் குடிபோக வேண்டியிருக்கிறது. எல்லோரும் விழாவுக்கு வர வசதியாகக் குடியேற்றத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கலாம் என்கிறார்கள். தள்ளலாமா?

பதில்: உங்கள் கேள்விகள் பெரும்பாலும் யார் எந்த இடத்தில் அமர்வது என்பதைப் பற்றியவை. அவற்றுக்கு வருவதற்கு முன், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு தொடரில் சற்று நிற்க விரும்புகிறேன். 40 வீட்டு உரிமையாளர்கள் ‘எங்களை நம்பி’ வீடு தருகிறார்கள் என்கிறீர்கள். அவர்கள் நம்புவது உங்கள் நிறுவனத்தையா, அம்மையாரையா? இதற்கு உங்களால் இப்போது உறுதியாக விடை சொல்ல முடியாவிட்டால், அடுத்த மூன்று மாத வேலையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், இதே பணியைச் செய்யும் ஒரு நிறுவனத்தில், நீண்ட காலம் தலைமையில் இருந்தவர் விலகிய இடத்துக்கு நான் சென்றேன். கணக்கு, கோப்பு, வங்கிக் கையொப்பம் எல்லாம் முறைப்படி என் கைக்கு வந்தன. ஐந்தாம் வாரத்தில் ஒரு வீட்டு உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். குடியிருந்த குடும்பம் காலி செய்து போன வீட்டில் சமையலறைக் குழாய் உடைந்து, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்றார். முன்னவர் இருந்தால் மறுநாளே ஆள் அனுப்பியிருப்பார் என்றும் சேர்த்துச் சொன்னார். நான் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பழுதுபார்க்கும் செலவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இல்லை என்பதை மரியாதையாகவே அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, “சரிங்க” என்று வைத்துவிட்டார். அதன்பின் அவரிடமிருந்த பதினொரு வீடுகளில் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய மைத்துனரும் ஒதுங்கிக்கொண்டார். எங்கள் குடும்பங்கள் இருக்கும்வரை வீட்டுக்கு ஏற்படும் சேதத்துக்குத் தான் பொறுப்பு என்று முன்னவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது ஒரு வருடம் கழித்தே எனக்குத் தெரிய வந்தது. பொய் சொன்னவர் யாரும் இல்லை. தான் கொடுத்த வாக்கு தன்னுடையதல்ல, நிறுவனத்துடையது என்று முன்னவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

குடும்பங்களுக்கு வீடு தேடும் பணியில் இது தற்செயலாக நடப்பதல்ல. வருமானச் சான்று சரியாக இல்லாத, முன்பு வாடகை பாக்கி வைத்த, மூன்று குழந்தைகளுடன் வரும் ஒரு தாய்க்கு ஒரு மனிதர் தன் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார் என்றால், ஏதோ ஒரு நிறுவனத்தின் கடிதத் தலைப்பைப் பார்த்து அவர் கொடுப்பதில்லை. “ஏதாவது ஆனால் எனக்கு ஒரு போன் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எதிரில் அமர்ந்து ஒருவர் சொன்னதைக் கேட்டுக் கொடுக்கிறார். இந்த ஒற்றை வாக்கியத்தின் மீதுதான் உங்கள் 40 வீடுகளும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மையார் விலகும் நாளில் அந்த ‘நான்’ யார் என்பது தீர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக, வாக்குகளுக்கென்று ஒரு பதிவேடு தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், அம்மையாருடன் அமருங்கள். உடல்நிலை இடம் தராவிட்டால் அவர் வீட்டிலேயே அமரலாம். அவருடைய கைபேசியின் தொடர்புப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் “இவரிடம் நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். “முக்கியமானவர்கள் யார் யார்?” என்று கேட்டால் பத்துப் பெயர்தான் வரும். பெயர் பெயராகப் போனால், அவரே மறந்துபோனவை வெளிவரும். வாடகை தாமதமானால் ஒரு மாதம் தாங்கிக்கொள்வோம் என்று ஒருவரிடம் சொல்லியிருப்பார், வேறொருவரிடம் அவர் மகனுக்கு வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருப்பார். ஒரு குடும்பத்துக்குப் பள்ளி மாறாமல் அதே பகுதியில் வீடு என்ற உறுதி இருக்கும். ஒரு நன்கொடையாளரிடம், அவர் பணம் அலுவலகச் செலவுக்குப் போகாது என்ற உறுதி இருக்கும். பணியாளர்களில் ஒருவருக்கு அடுத்த ஆண்டு ஊதிய உயர்வு என்றும் சொல்லியிருக்கலாம். அந்தப் பணியாளர் நீங்களாகவும் இருக்கலாம்.

எழுதி முடித்ததும் அந்தப் பதிவேட்டை நிர்வாகக் குழுவின் முன் வையுங்கள். ஒவ்வொரு வாக்கையும் ஏற்கிறோமா, மாற்றுகிறோமா, கைவிடுகிறோமா என்று குழு தீர்மானித்துப் பதிவுசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஏற்க இயலாது. சிலவற்றை அவர் கொடுத்திருக்கவே கூடாது என்றும் குழுவுக்குத் தோன்றலாம். ஆனால் ‘இதை இனிச் செய்ய இயலாது’ என்ற செய்தி, வாக்குக் கொடுத்தவர் பதவியில் இருக்கும்போதே, அவரும் உடனிருக்கப் போய்ச் சேர வேண்டும். பின்னால் நீங்கள் தனியே போய்ச் சொன்னால் அது வாக்குத் தவறியதாகிவிடும். ஏற்றுக்கொண்ட வாக்குகளுக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். சேதச் செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை நாளில் ஆள் வருவார், யாரை அழைக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் வீட்டு உரிமையாளர்களில் பெரும்பாலோர் நிம்மதியடைகிறார்கள் என்பது என் அனுபவம். சேதச் செலவுக்கென ஒரு தனி நிதியை ஒதுக்கிவைக்கும் நிறுவனங்கள் பல நாடுகளில் உண்டு. உங்களிடம் அது இல்லையென்றால், தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வராது.

கடிதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். 40 பேரையும் நேரில் சந்திக்க இயலாவிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் தந்திருப்பவர்களையாவது அம்மையாருடன் சென்று பாருங்கள். அங்கே பேச வேண்டியவர் அவர். “இனி இவர் சொல்வது நான் சொன்னதற்குச் சமம்” என்று அவர் வாயால் சொல்லட்டும், நீங்கள் அருகில் அமர்ந்திருந்தால் போதும். அவருடைய கைபேசி எண்ணும் நிறுவனத்தின் பெயருக்கு மாற வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக இரவு பதினொரு மணிக்கு அழைக்கும் குடும்பங்களுக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான். வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களின் முகவரிகளும் குறுஞ்செய்திகளும் அந்தக் கருவியில் இருக்கும். அவை ஒரு தனிமனிதரின் வீட்டு மேசையில் கிடப்பது யாருக்கும் பாதுகாப்பானதல்ல, அவருக்கும்தான்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பொறுப்பை ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் குழுவின் தீர்மானம் எழுத்தில் வந்த பிறகே ஏற்க வேண்டும். எத்தனை மாதம் என்பதும், அந்தக் காலத்துக்கு ஊதியம் என்ன என்பதும், காசோலையில் கையொப்பமிடவும் பணியாளரை நியமிக்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டா என்பதும் அதில் இருக்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய கேள்வி, நீங்கள் இப்போது செய்யும் வேலையை யார் செய்வது என்பது. பொறுப்பு இயக்குநர்கள் தடுமாறி விழுவதை நான் பார்த்தவரை, பெரும்பாலும் தலைமைப் பணியின் கடினத்தால் அவர்கள் விழுவதில்லை. பழைய நாற்காலியையும் இறக்கிவைக்காமல் முதுகில் சுமந்துகொண்டே புதிய நாற்காலியில் அமர்ந்ததால் விழுகிறார்கள். மூத்த களப்பணியாளர் ஒருவரை உங்கள் இடத்துக்கு உயர்த்த ஒப்புதல் பெறுங்கள்.

நிரந்தரப் பதவிக்கு நீங்கள் விண்ணப்பிப்பீர்களா என்பதைக் கடிதத்தில் எங்கும் சொல்லவில்லை. மென்று விழுங்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. குழுவிடம் அப்படிச் செய்ய வேண்டாம். விருப்பம் இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் தேர்வுக்குழுவின் பேச்சிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் உங்களை விலக்கி வைப்பார்கள், அது முறைதான். சொல்லாமல் இருந்து கடைசி வாரத்தில் விண்ணப்பித்தால், இடையில் நீங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும் பதவிக்காக எடுத்ததாகவே பேசப்படும். விருப்பம் இல்லையென்றால் அதையும் உரக்கச் சொல்லுங்கள். பதவி வேண்டாதவர் என்று தெரிந்தால், கசப்பான சில வேலைகளை இடைக்காலத்தில் உங்களால் செய்து முடிக்க முடியும்.

அம்மையார் குழுவில் தொடர்வது எனக்கு உடன்பாடில்லை. அவர் மீது மதிப்பு இருப்பதால்தான் இதைத் தயங்காமல் எழுதுகிறேன். வாக்குரிமையுடன் அவர் குழுவில் இருந்தால், புதிய இயக்குநர் தனக்கு முன்னிருந்தவருக்கே கணக்குச் சொல்ல வேண்டியவராகிறார். பணியாளருக்கு ஒரு முடிவு பிடிக்காதபோது மாலையில் யார் வீட்டுக்குப் போவார் என்பது உங்களுக்கே தெரியும். அவர் ஒன்றுமே சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் அந்த மௌனத்துக்கு ஆளுக்கொரு பொருள் கற்பிப்பார்கள்.

நிறுவனர் பிரிவது எப்படியெல்லாம் நடக்கலாம் என்பதற்கு, வீடு சார்ந்த பணியிலேயே நன்கு அறியப்பட்ட இரண்டு நிகழ்வுகள் உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்பை 1976ஆம் ஆண்டு மில்லர்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் தொடங்கினார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2005 ஜனவரி இறுதியில், அதன் நிர்வாகக் குழுவே அவர்களைப் பணியிலிருந்து நீக்கியது. பிளவு வெளிப்படையாக நடந்தது, ஆதரவாளர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். அதே ஆண்டில் ஃபுல்லர் வேறொரு வீட்டு அமைப்பைத் தொடங்கினார். ஜோனதன் ரெக்ஃபோர்டு ஹேபிடட்டின் பொறுப்புக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இவ்வளவுக்குப் பிறகும் வீடு கட்டும் வேலை நின்றுவிடவில்லை. அந்த அமைப்பில் குடும்பத்துடன் ஒப்பந்தம் செய்வதும், வீட்டைக் கட்டுவதும், தவணையைப் பெறுவதும் தனித்தனி நிர்வாகமுள்ள உள்ளூர்க் கிளைகள். குடும்பங்களுக்கான வாக்கு தலைமையகத்தில் ஒரே ஆளிடம் இருக்கவில்லை. வேலை தொடர்ந்ததற்கு அதுவே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். உங்கள் நிறுவனத்தில் எல்லாம் ஒருவரிடம் இருக்கிறது. அந்தக் காப்பு உங்களுக்கு இல்லை.

மற்றொன்று நியூயார்க்கில் நடந்தது. ரோசான் ஹேகர்ட்டி 1990ஆம் ஆண்டு தொடங்கிய ‘காமன் கிரவுண்ட்’ அமைப்பு, பழைய டைம்ஸ் ஸ்கொயர் ஓட்டலைச் சீரமைத்து வீடற்றவர்களுக்கும் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாக மாற்றியதால் பெயர் பெற்றது. 2011இல் அவர் விலகி, ‘கம்யூனிட்டி சொல்யூஷன்ஸ்’ என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். காமன் கிரவுண்ட் தன் வழியில் தொடர்ந்தது, 2015இல் ‘பிரேக்கிங் கிரவுண்ட்’ என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. நிறுவனர் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது என்பதுதான் இங்கே நான் கவனிப்பது. அம்மையாருக்கு உடல்நிலை இடம் தராமல் இருக்கலாம். ஆனாலும் பத்தொன்பது ஆண்டுகள் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை செய்த வேலை ஒரு திங்கட்கிழமையில் இல்லாமல் போகும்போது, குழு உறுப்பினர் பதவியைத் தவிர அவர் கைக்கு எட்டுவது வேறொன்றும் இல்லை. அதனால்தான் அதைக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறொன்றைக் கொடுங்கள். நிறுவனத்தின் பத்தொன்பது ஆண்டு வரலாற்றை எழுதுவதோ, புதிதாகச் சேரும் களப்பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி எடுப்பதோ அவருக்கு ஏற்றதாக இருக்கலாம். முதல் ஓராண்டு குழுவிலும் அலுவலகத்திலும் அவர் இல்லாமல் இருப்பது, பிறகு புதிய இயக்குநர் அழைத்தால் வருவது என்று பேசி முடிவு செய்யலாம். இதை அவரிடம் சொல்ல வேண்டியவர் குழுத் தலைவர். உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், இடம் கொடுக்க வேண்டாம்.

பெருநிறுவன மேலாளரைப் பற்றி வாய் திறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆளைப் பற்றித் திறக்க வேண்டாம், கொள்கையைப் பற்றித் திறந்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து வருபவர் என்பது ஒரு குறையல்ல. கணக்கையும் ஆள் நிர்வாகத்தையும் அவர் உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடும். ஆனால் ‘பக்குவப்படுத்திய பிறகே வீடு’ என்பது நிர்வாகப் பாணி தொடர்பான கருத்தல்ல. அது உங்கள் நிறுவனம் செய்துவரும் வேலையையே மாற்றுவது. ஆள் வந்த பிறகு அவர் விருப்பப்படி அது நடந்துவிடக் கூடாது. முதலில் குழு கொள்கையை எழுத வேண்டும், பிறகு அந்தக் கொள்கையை நடத்த ஆள் தேட வேண்டும்.

குழுவிடம் பேசும்போது உங்களுக்கு ஒரு சான்று உதவும். அமெரிக்காவின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை, 12 இடங்களில் அவசரக்கால விடுதிகளில் இருந்த 2,282 குடும்பங்களை 2010 முதல் 2012 வரை ஓர் ஆய்வில் சேர்த்து, குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கி, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. நீண்ட கால வாடகை உதவி, குறுகிய கால வாடகை உதவி, பயிற்சியும் ஆலோசனையும் சேர்ந்த இடைக்கால விடுதி, வழக்கமான உதவி என்பவை அந்த நான்கு. நீண்ட கால வாடகை உதவி பெறும் வாய்ப்புக் கிடைத்த குடும்பங்களில், மீண்டும் வீடிழப்பது பாதிக்கும் மேல் குறைந்தது. தாய்மாரின் மன அழுத்தமும் குடும்ப வன்முறையும், குழந்தைகள் அடிக்கடி பள்ளி மாறுவதும்கூடக் குறைந்தன. இடைக்கால விடுதியில் வைத்துப் பழக்கிய குடும்பங்களின் வருமானத்திலோ நலத்திலோ வழக்கமான உதவி பெற்றவர்களைவிடச் சொல்லத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. அதே ஆய்வு உங்களுக்கும் ஒரு சங்கடத்தைத் தரும் என்பதை மறைக்க விரும்பவில்லை. குறுகிய கால வாடகை உதவி மற்றவற்றைவிடச் செலவு குறைவாக இருந்தது, ஆனால் பலனில் அது வழக்கமான உதவியைப் பெரிதாகத் தாண்டவில்லை. உங்கள் நிறுவனம் தருவது முதல் சில மாத வாடகையும் முன்பணமும் மட்டுமே என்றால், மேலாளரை மறுக்க இந்தச் சான்றைக் கையில் எடுக்கும் நீங்கள், ‘பிறகு என்ன ஆகிறது?’ என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டும். ஓராண்டு கழித்து எத்தனை குடும்பங்கள் அதே வீட்டில் இருக்கின்றன என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த மாதமே எடுக்கத் தொடங்குங்கள். நேர்காணலில் எல்லா விண்ணப்பதாரர்களிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அந்த எண்ணிலிருந்தே பிறக்கும்.

பணியாளர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தெரிந்ததைத் தெரிந்த அன்றே சொல்லுங்கள், தெரியாததை எப்போது தெரியும் என்று சொல்லுங்கள். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் பத்து நிமிடம் கூடுங்கள். நிதி தரும் அமைப்புகளின் ஒப்பந்தங்களை இந்த வாரமே எடுத்துப் படியுங்கள். தலைமை மாறினால் இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றில் பலவற்றில் இருக்கும். அந்தச் செய்தி அவர்களுக்கு அம்மையாரின் கையொப்பத்துடனும் குழுத் தலைவரின் கையொப்பத்துடனும் சேர்ந்து போக வேண்டும், வேறு யாரிடமிருந்தோ காதில் விழக் கூடாது. வாடகை முன்பணத்துக்கென்று வந்த நிதியை, மாற்றக் கால நெருக்கடியில் சம்பளத்துக்குத் திருப்பும் ஆசை யாருக்காவது வந்தால், முதல் நாளே மறுத்துவிடுங்கள்.

கடைசியாக அந்த விழாவும் குடியேற்றமும். தள்ள வேண்டாம். அந்த இரண்டு குடும்பங்களும் இப்போது எங்கே தங்கியிருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. விடுதியிலோ உறவினர் வீட்டிலோ, அந்தத் தேதியை எண்ணிக்கொண்டு மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். குழந்தைகளிடமும் சொல்லியிருப்பார்கள். வீட்டு உரிமையாளரும் அந்த நாளை வைத்துத்தான் வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பார். விழாவை மாலைக்கு மாற்றுங்கள், அல்லது அடுத்த நாளுக்கு வையுங்கள். அம்மையாரின் உடல்நிலை அனுமதித்தால், காலையில் அவரையும் அந்த இரண்டு வீடுகளுக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு வீட்டின் சாவியை அவர் கொடுக்கட்டும், மற்றொன்றை நீங்கள் கொடுங்கள். அந்தத் தாய்மார் இருவரும் அங்கேயே உங்கள் கைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும்.